பழம்புடவைகளிலிருந்து ஒரு நினைவுப் போர்வை

குடும்ப நினைவுகளைக் கைவேலையாக்கிப் பரிசளிக்க ஓவியம், மரவேலை, மணிவேலை எனப் பல வழிகள் இருந்தாலும், இந்த இயல் பழந்துணியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. புகைப்படத்தையும் கடிதத்தையும் பாதுகாக்க வேண்டுமென்று நினைத்தே வீடுகளில் எடுத்து வைக்கிறார்கள். பழம்புடவையோ அப்படி எவரும் நினைக்காமலேயே உடுத்தியவரின் நடையையும் வேலையையும் பழக்கங்களையும் தன் இழைகளில் பதித்து வைத்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம். இங்கே ‘நினைவுப் போர்வை’ என்று குறிக்கப்படுவது, குடும்பத்தார் உடுத்திக் கழித்த துணிகளை இரண்டு மூன்று அடுக்காக வைத்து, மேலே ஒட்டுகள் பதித்து, எல்லா அடுக்குகளையும் ஊடுருவும் ஓட்டுத் தையலால் ஒரே துணியாக்கிய போர்வையாகும். ‘ஒட்டு’ என்பது ஒரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் துண்டு. ‘ஓட்டு’ என்பது ஊசியை மேலும் கீழுமாகச் சீரான இடைவெளியில் செலுத்திக்கொண்டே போகும், தையல் பழகுவோர் முதலில் கற்கும் எளிய தையல். ஒன்று குறில், மற்றொன்று நெடில். இவ்வேலையின் இலக்கணம் பெரும்பாலும் இவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

இவ்வகைப் போர்வைகளில் நம் நாட்டில் பெரிதும் அறியப்பட்டது வங்காளத்தின் ‘காந்தா’. நைந்துபோன புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவியெடுத்த வண்ண நூலைக்கொண்டே அவற்றைத் தைத்து, பிறந்த குழந்தைக்கும் மணமாகிப் போகும் பெண்ணுக்கும் கொடுப்பது அங்குள்ள வழக்கம். தமிழில் ‘கந்தை’ என்று வழங்குவதும் அதே வடசொல்லின் வழிவந்ததே. ஒரே சொல் இங்கே வறுமையின் அடையாளமாகவும் அங்கே சீர்வரிசைக்குரிய பொருளாகவும் ஆகிப்போனது வேடிக்கைதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்கள் தைக்கும் ‘கவந்தி’ ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி நகர்வது. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளைப் பூவாக வைத்துத் தைத்த பிறகே அது முடிந்ததாகக் கொள்ளப்படும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றுக்குள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில், மிசௌரி பெட்வே என்பவர் 1942இல் தம் மறைந்த கணவரின் வேலை உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிடப்பட்டபோது கலை உலகம் வியந்து பார்த்தது. அங்கே வேலை உடைகளால் தைத்த போர்வைகளை அருகில் சென்று பார்த்தால், கால்சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்பதும், முழங்கால் பட்ட இடம் வெளிறிக் கிடப்பதும் தெரியும். தைத்தவர்கள் அதை மறைக்க முயலவில்லை. நினைவுப் போர்வை செய்ய முற்படுவோர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: தேய்ந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இடத்தை மட்டும் பொறுக்கியெடுத்தால், கையில் மிஞ்சுவது எவருடையதாகவும் இருக்கக்கூடிய துணி.

தமிழ்நாட்டில் இத்தகைய தையல் தனிக் கலையாகப் பெயர்பெறவில்லை என்றாலும், பழந்துணியின் அருமையைத் தமிழ்வீடுகள் அறியாதவை அல்ல. பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய வேட்டியில் பச்சிளங்குழந்தையைக் கிடத்துவதும், பாட்டியின் அல்லது தாயின் நூல்புடவையை உத்தரத்தில் கட்டித் தூளியாக்குவதும், ஈழத்தில் அதையே ஏணை என்பதும் இன்றளவும் உள்ளவை. தூளியாக இருந்த புடவை ஒன்று வீட்டில் கிடைக்குமானால், போர்வைக்கு அதைவிடப் பொருத்தமான அடித்துணி வேறில்லை.

அளவும் எடையும்

பஞ்சு திணித்த தடித்த போர்வை குளிர்நாட்டுக்கு உரியது. சென்னையிலோ மதுரையிலோ அதைப் பரிசாகப் பெறுபவர் நன்றி சொல்லிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். ஆகவே இங்கே பரிந்துரைக்கப்படுவது பஞ்சில்லாத, மூன்று அடுக்கு நூல்துணியாலான மெல்லிய போர்வை. இதற்கு ஒரு கணக்கு மிக வசதியாக அமைகிறது. ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள புடவையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால், 183 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஓர் ஆள் போர்த்திக்கொள்ளப் போதுமான துணி, கத்தரிக்கோல் படாமலே மூன்று அடுக்காகக் கிடைத்துவிடுகிறது. புடவையின் இரு கரைகளும் போர்வையின் இரு நெடும்பக்கங்களில் தாமாக வந்து அமைவதால் அங்கே ஓரம் அடிக்கும் வேலையும் மிச்சம். மடிக்கும்போது முந்தானை மேலே வருமாறு பார்த்துக்கொண்டால் போர்வையின் ஒரு முனை தானே அழகு பெறும். மெல்லிய நூல்புடவை ஒன்று அரைக் கிலோவை ஒட்டியே இருக்குமாதலால், ஒட்டுகளையும் நூலையும் சேர்த்தாலும் முழுப் போர்வை ஒரு கிலோவைத் தாண்டாது. ஒன்பது கெஜப் புடவை கிடைத்தால் மடிப்பைக் கூட்டாமல் நீளத்தில் ஒரு பகுதியை ஒட்டுகளுக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம்.

அடித்துணியாக முழுப் புடவை ஒன்று, அதன்மேல் ஒட்டுகளாகப் பிறருடைய துணிகள் என்னும் இந்த அமைப்புக்குக் கணக்கைத் தாண்டிய ஒரு நியாயமும் உண்டு. சம அளவுச் சதுரங்களாக எல்லாத் துணியையும் வெட்டி ஒட்டும் முறை பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும், அதில் பாட்டியின் புடவையும் பேரனின் பள்ளிச்சட்டையும் ஒரே நிறையில் நின்றுவிடுகின்றன. குடும்பங்கள் அப்படி இருப்பதில்லை.

துணியைக் கேட்பதும் துணியைப் படிப்பதும்

துணி கேட்டுச் செல்வதே இவ்வேலையின் மிக நுட்பமான கட்டம். மறைந்தவரின் உடைகளை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று கருதிக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஒரே ஒரு புடவையை மட்டும் எவரும் தொடாதபடி பீரோவின் அடியில் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. முதல் வகையினருக்கு அப்படிப்பட்ட துணியால் ஆன பரிசு மனச்சங்கடத்தைத் தரலாம். இரண்டாம் வகையினரிடம் அந்த ஒரு புடவையைக் கேட்பதே தவறு. குறிப்பாக வளைகாப்புக்கோ பெயர்சூட்டு விழாவுக்கோ கொடுக்க நினைப்பவர்கள், பெறுபவரின் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பரிசு திடீரென வியப்பூட்ட வேண்டும் என்ற ஆசைக்காக இதைத் தவிர்த்தால், விழா நாளில் கூடம் அமைதியாகிவிடக்கூடும். துணி தருபவரிடம் அது எப்போது, எங்கே, யார் வாங்கியது, எந்தெந்த நாட்களில் உடுத்தப்பட்டது என்று கேட்டு, அப்போதே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, துணியின் மூலையில் எண்ணிட்ட சிறு துண்டுச்சீட்டை ஊசியால் குத்திவைக்க வேண்டும். பின்னர் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் குறிப்பேட்டில் எல்லாப் புடவையும் தீபாவளிப் புடவையாகவே முடியும்.

வந்துசேர்ந்த துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கையில் அது எப்படி உடுத்தப்பட்டது என்பது புலப்படும். இன்று பரவலாக உள்ள கட்டில், இடுப்பில் முதலில் செருகப்படும் உள்தலைப்பு வெயிலே படாமல் இருப்பதால் அங்கே வாங்கிய நாளின் நிறம் அப்படியே இருக்கும். நாள்பட்ட புடவையில் உடல்பகுதியோடு அதை ஒப்பிட்டால் இரண்டு வேறு புடவைகளோ என்று ஐயம் எழும். கொசுவத்தின் கீழ்க்கரை தரையில் உரசிச் சாம்பல் பூத்து, இழை பிரிந்து நிற்கும். இடத்தோளில் ஊசி குத்திய துளைகள் நெருக்கமாக ஒரு சிறு வட்டத்துக்குள் இருந்தால், உடுத்தியவர் அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ அன்றாடம் சென்றுவந்தவராக இருக்கலாம். துளையே இல்லாமல் முந்தானையின் ஓரம் மட்டும் கசங்கி, மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கிடந்தால் அது அடுப்படியில் கைதுடைத்த முந்தானை. இந்த நான்கு இடங்களிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்தாலே ஒருவரின் அன்றாடம் போர்வையில் ஏறிவிடும். மஞ்சள் கறையைப் போக்குவதா வைத்துக்கொள்வதா என்பது செய்பவரின் விருப்பம். போக்க நினைப்பவர்கள் சோப்பு போட்டதும் கறை செம்மை பூசிக்கொள்வதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும், நன்றாக அலசிச் சில நாள் வெயிலில் உலர்த்தினால் மங்கிவிடும். சட்டைகளைப் பொறுத்தவரை பையும் பொத்தான்பட்டியுமே பேசும் இடங்கள். பையின் அடியில் பேனா மை கசிந்த புள்ளி இருக்குமானால் அதை விட்டுவிடலாகாது. பழைய வேட்டியின் மூலையில் கருப்பாகப் புள்ளியும் கோடுமாகச் சிறு குறி தென்பட்டால் அது சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர் இட்ட அடையாளம். எந்த வீட்டுத் துணி என்று பிரித்தறிய இடப்பட்ட அந்தக் குறி எத்தனை வெளுப்புக்கும் போவதில்லை. குடும்பத்தின் கையெழுத்துக்கு இணையான ஆவணம் அது. மடிப்புக்குள் மறைந்துவிடாமல் மேலே வரவேண்டும்.

எல்லாத் துணியும் தையலைத் தாங்காது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை மெலிந்த இடங்கள் சல்லடை போலத் தெரியும்; இரு கட்டைவிரல்களுக்கு இடையே வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல இழுத்துப் பார்க்கையில் பிளவுபட்டால், அதை மெல்லிய வெள்ளை மல் துணியின்மேல் பதித்த பிறகே ஒட்டாகப் பயன்படுத்தலாம். ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்து, நிறம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்றவற்றின் அடர்சிவப்பு துவைத்துத் துவைத்துத் தன் மிகைச்சாயத்தை இழந்திருக்கும் என்றாலும், எப்போதோ ஒருமுறை உடுத்தி மடித்துவைத்ததாக இருந்தால் பக்கத்து ஒட்டையும் சிவக்கச் செய்துவிடும். எழுபதுகளின் நைலக்ஸ், பின்னர் வந்த பூனம் ஆகிய செயற்கை இழைப் புடவைகள் மடிப்பு நிற்காமல் வழுக்குவதோடு, சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகவும் செய்யும். அம்மாவின் நினைவு அந்தப் புடவையில்தான் இருக்கிறதென்றால் சிறு துண்டாக நடுவில் வைத்துச் சுற்றிலும் நூல்துணியால் சட்டமிடுவதே வழி.

பட்டைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பல ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்பு வரியிலேயே காகிதம் போல விரிசலிடும். அத்தகையதை வெட்டுவதில் தவறில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள காஞ்சிபுரக் கூறைப்புடவையைப் போர்வைக்காக வெட்டுவது எந்த நினைவின் பெயராலும் ஏற்கத்தக்கதன்று. அதன் ரவிக்கைத் துண்டோ முந்தானைக் குஞ்சமோ போதும். பட்டு இழையின்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் ஜரிகை. நகத்தால் சற்றுச் சுரண்டினால் உள்ளே செந்நிறப் பட்டிழை தெரியும். பழைய பட்டுப்புடவையை வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கும் வியாபாரியிடம் கொடுக்குமுன், கரையில் ஒரு சாண் நீளமாவது வெட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தால் நல்லது.

அடுக்குதலும் ஓட்டுதலும்

தேர்ந்த துணிகளைப் பூந்திக்கொட்டைக் கரைசலில் அலசி, நிழலில் உலர்த்தி, ஒட்டுகளுக்கானவற்றுக்கு மட்டும் மெல்லிய கஞ்சி போட வேண்டும். பழந்துணி தளர்ந்து கிடப்பதால் வெட்டும்போது வடிவம் கோணும். கஞ்சியின் விறைப்பு அதைத் தடுப்பதோடு ஓரத்தை முக்கால் சென்டிமீட்டர் உள்மடித்து இஸ்திரி போடவும் உதவும். முதல் துவையலில் கஞ்சி போய்விடும். ஒட்டுகளை அடித்துணியின்மேல் பரப்பி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுப் போகவர மாற்றிப் பார்ப்பது, தாளில் திட்டம் வரைவதைக் காட்டிலும் பயன் தரும்.

அடுக்குகள் நகராதிருக்க, தரையில் பாயை விரித்து, மூன்று மடிப்பையும் சுருக்கமில்லாமல் நீவி, நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரு சாண் இடைவெளியில் நீண்ட தற்காலிகத் தையல்களைப் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும். அப்படி உப்பியதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் ஒட்டுகளின் விளிம்பை நெருக்கமாகத் தைத்து முடித்து, போர்வையின் முழு நீளத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டுத் தையல் வரிகளை இட வேண்டும். அகலம் 115 சென்டிமீட்டர் என்பதால் வரிகளும் ஏறத்தாழ 115. மொத்தம் 210 மீட்டர் தையல். எட்டு மீட்டர் நீளமுள்ள ஆறிழை எம்பிராய்டரி நூற்கண்டைப் பிரித்து மும்மூன்று இழையாகப் பயன்படுத்தினால், சுருக்கத்துக்கும் முடிச்சுக்கும் சேர்த்துப் பதினேழு கண்டு தேவைப்படும். மாலைக்கு மூன்று வரி என்று வைத்துக்கொண்டால் நாற்பது மாலை. துணி சேர்ப்பதற்கும் ஒட்டு பதிப்பதற்கும் ஆகும் நாட்களையும் கூட்டினால், மணிவிழா தையில் என்றால் வேலையைப் புரட்டாசியிலேனும் தொடங்கிவிட வேண்டும் என்று பொருள். புடவைக் கரையிலிருந்து நூலை உருவித் தைக்க விரும்புவோர், அந்நூல் இழுத்தால் அறுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு சில வரிகளோடு நிறுத்திக்கொள்வது விவேகம்.

இந்த 115 வரிகளைக் குடும்பத்தார் பலர் பங்கிட்டுத் தைத்தால், எழுபது வயது அத்தையின் பொடித்தையலும் பத்து வயதுச் சிறுவனின் தாவித் தாவிச் செல்லும் தையலும் அடுத்தடுத்து அமையும். கோணலான வரியை இரவோடிரவாகப் பிரித்துச் சீராக்கிவிடும் ஆர்வலர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் ஊசியைக் கொடுக்கலாம், கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது.

கையெழுத்தைத் துணியில் ஏற்றுதல்

துணியோடு எழுத்தும் சேர்ந்தால் போர்வை மேலும் செறிவுறும். பழைய இன்லேண்ட் கடிதம், கோலம் நோட்டு, வீட்டுக் கணக்கு, சமையல் குறிப்பு ஆகியவற்றில் ஓரிரு வரியே போதும்; கணக்கு நோட்டின் ‘புளி 2 கிலோ’ பல நேரங்களில் வாழ்த்து வாசகத்தைவிட ஆளைக் கண்முன் நிறுத்தும். எழுத்தைப் பெரிதாக்கி நகலெடுத்து, பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் வெளிர்நிறத் துணியை வைத்தால் வரிகள் ஊடே தெரியும். பென்சிலால் மெல்லத் தடம் எடுத்துக்கொள்ளலாம். வளைவு மிகுந்த தமிழ் எழுத்துக்கு ஓட்டுத் தையல் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையலே வளைவை விட்டுப்போகாமல் பிடிக்கும். எழுத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ழகரமும் ஞகரமும் நூல்முடிச்சாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு, ஊசியில் நூலை இருமுறை சுற்றி அதே இடத்தில் இறக்கும் முடிச்சுத் தையல் ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் எழுதக் கற்றவர்கள் லை, ணை, னை முதலியவற்றைத் தும்பிக்கை போல மேலெழுந்து வளையும் பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியவற்றைத் தனிக்கால் இல்லாமல் சுழித்தும் எழுதினார்கள். பலர் ஆணைக்குப் பின்னும் கடைசிவரை அப்படியே எழுதினார்கள். தடம் எடுப்பவர் இளையவராக இருந்தால் அதைப் பிழை என்றெண்ணித் திருத்திவிடுவதுண்டு. எழுதியவர் விட்ட ஒற்றும் இரட்டித்த எழுத்தும் உள்ளபடியே வரவேண்டும். புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டுத் தைப்பது எளிது என்றாலும், காபிக் கோப்பையில் அச்சிட்ட படத்தின் சாயல் அதில் வந்துவிடுகிறது. இந்நூல் அதைப் பரிந்துரைக்கவில்லை.

அடையாளத் துண்டும் பராமரிப்பும்

போர்வையின் பின்புறத்தில், பழைய வெள்ளை வேட்டியிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டொன்றை வெட்டித் தைத்து, அதில் எந்த ஒட்டு யாருடைய துணி, எந்த ஊர், தைத்தவர்கள் யாவர், முடித்த ஆண்டு எது என்பவற்றை நூலாலேயே எழுத வேண்டும். சாதாரணப் பேனா மை முதல் துவையலில் கரைந்துவிடும். குறிப்பேட்டில் சேர்த்த நீண்ட செய்திகளைத் தனித்தாளில் எழுதிப் பரிசோடு கொடுக்கலாம். கைக்குழந்தைக்கான போர்வை என்றால் பொத்தான், மணி, ஜரிகைக் குஞ்சம் எதுவும் மேலே இருத்தலாகாது.

பெறுபவருக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. குளிர்ந்த நீரில் முறுக்காமல் அலசி நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வெள்ளை நூல்துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து வைக்கலாம். அந்துருண்டை ஜரிகையைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் அரைக் கண்டு நூலையும் ஓர் உறையில் இட்டுப் போர்வையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அன்றாடம் போர்த்திக்கொள்ளும் போர்வை சில ஆண்டுகளில் எங்கேனும் கிழியும், கிழிந்த இடத்தில் மேலே ஒட்டுப் போட அதே துணி அப்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.